கதவைச் சாத்தினால்தான் உறையும்

கிண்ணம் ஃப்ரீசருக்குள் போகவில்லை. நேராகத் தள்ளிப் பார்த்தார், சாய்த்துத் தள்ளிப் பார்த்தார். கடைசியில் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் உதைப்பதற்குத் தயாரானார் லிஃப்ட் இன்ஸ்பெக்டர்.

"கடையில அளந்து பார்த்துத்தானே வாங்கினீங்க?" என்றார் மனைவி. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் கேள்வியெல்லாம் கேள்வித்தாள் மாதிரிதான் வரும்.

"அளந்தேனே. கிண்ணத்தை அளந்தேன்."

"ஃப்ரீசரை?"

இன்ஸ்பெக்டர் காலை மடக்கிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். அவருடைய அதிகாரமெல்லாம் லிஃப்டுகளிடம்தான். ஒவ்வொரு கட்டடமாகப் போய், லிஃப்டைத் திறந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு முத்திரைக் காகிதம் ஒட்டிவிட்டு வருவார். திறந்து பார்க்காமல் ஒன்றிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அவர் ஒட்டிய முத்திரையை இன்னொருவர் கிழித்துவிட்டால், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடமாட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஐஸ்கிரீம் இயந்திரம் தேர்ந்தெடுக்கப் புறப்பட்டால் என்ன ஆகும்? சமையலறைச் சுவரில் ஒரு பெரிய பழுப்புக் காகிதம் ஏறியது. மேலிருந்து கீழே இயந்திரங்களின் பெயர்கள், இடமிருந்து வலமாக எடை, சத்தம், நேரம், கழுவும் வசதி, அதிர்வு என்று பதினான்கு கட்டங்கள். காய்கறிக்காரர் முதல் பக்கத்துவீட்டு டைலர் வரை வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு, வீடு கட்டப்போகிறீர்களா என்று கேட்டார்கள்.

இவ்வளவும் மாமனாருக்காக. அவர் மகள் வீட்டில்தான் இருந்தார். மாமியார் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து மாமனார் தட்டைப் பார்ப்பார், தட்டு மாமனாரைப் பார்க்கும், அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு கிலோ நாற்பத்து மூன்றாகிவிட்டது. போன வாரம் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"மூணு வாரம் டைம் தரேன். நாற்பத்தஞ்சு கிலோ காட்டலைன்னா அட்மிட் பண்ணிடுங்க. மூக்கு வழியா குழாய் வச்சு உணவு ஏத்திடலாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமனார் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

"என்னதான்பா சாப்பிடுவீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க" என்று டீச்சர் அழாத குறையாகக் கேட்டபோது, அவர் ஒரே வார்த்தை சொன்னார்.

"ஐஸ்கிரீம்."

கடையிலிருந்து நாலு வகை வாங்கி வந்தார்கள். ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன். "இதெல்லாம் கடையில செஞ்சது" என்று வைத்துவிட்டார்.

அங்கேதான் இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த வீட்டில் முன்பு ஐஸ்கிரீம் செய்ததுண்டு. மாமியாரிடம் கையால் சுற்றுகிற ஒரு மரவாளி இருந்தது. பாலையும் சர்க்கரையையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவார். "யாராவது எட்டிப் பார்த்தா எனக்குக் கை ஓடாது" என்பார். உள்ளே வாளி கரகரவென்று சுற்றும். கூடவே, எந்தப் பாட்டென்று யாருக்கும் பிடிபடாத ஒரு முனகலும் கேட்கும். முக்கால் மணி நேரத்தில் கதவு திறக்கும்.

ஆறு வருடத்துக்கு முன்னால், வாளியின் கைப்பிடி கிறீச்சிடுகிறது என்று மாமியார் யாரிடமோ சொன்னது இன்ஸ்பெக்டரின் காதில் விழுந்துவிட்டது. எண்ணெய் போடுகிறேன் பேர்வழி என்று வாளியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார். திரும்பப் பூட்டியபோது ஐந்து சாமான்கள் மிச்சம். வாளி அதற்குப் பிறகு சுற்றவே இல்லை.

மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. அந்த ஐந்து சாமான்களையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தார். பிறகு, "மாப்பிள்ளை, இனிமே இந்த வீட்டுக்குள்ள நீங்க ஸ்க்ரூட்ரைவரைக் கையால தொடக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் செய்து கொடுத்தார். இன்றுவரை காப்பாற்றியும் வருகிறார். வீட்டில் சுவிட்ச் தொங்கினாலும் எலெக்ட்ரீஷியன்தான்.

ஆக, மாமனாரின் மூக்கைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை.

முதல் இயந்திரத்தின் கிண்ணத்தை இருபத்துநாலு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து உறைய வைக்க வேண்டும், அப்புறம்தான் பால் ஊற்ற வேண்டும். கிண்ணம் போகவில்லை என்றதும் இன்ஸ்பெக்டர் ஃப்ரீசரின் உள்தட்டை உருவி எடுத்தார். கிண்ணம் போயிற்று. ஆனால் கதவைச் சாத்த முடியவில்லை. கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தார். மூடிக்கொண்டது. காலையில் டீச்சர் காப்பிக்குப் பால் எடுக்கலாமென்று நாற்காலியைத் தள்ளிவைத்தவர், திரும்ப முட்டுக் கொடுக்க மறந்து பள்ளிக்கூடம் போய்விட்டார்.

சாயந்திரம் ஃப்ரிட்ஜிலிருந்து புறப்பட்ட தண்ணீர் சமையலறையை நனைத்து, பின்கதவின் அடிவழியாகத் துணி துவைக்கிற இடத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி, அடுத்த வாசல் வழியாக மாமனாரின் அறைக்குள் நுழைந்து, அவருடைய செருப்பை மிதக்கவிட்டிருந்தது.

"குழாய் எப்படியும் வரத்தான் போகுது. அதுக்குள்ள தண்ணி எதுக்கு மாப்பிள்ளை?" என்றார் அவர், கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பது கடையின் ஏற்பாடு. இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டாவதை எடுத்து வந்தார். இது தானே குளிர்விக்கிற வகை. உள்ளே கம்ப்ரசர் உண்டு. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது.

சுவிட்சைப் போட்டதும் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி ஓர் ஓலம். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, "பல் டாக்டர் யாராவது குடி வந்திருக்காங்களா?" என்று கேட்டார். இயந்திரம் அதிர்ந்து அதிர்ந்து மேடைமேல் நடக்க ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து ரப்பர் கட்டைகள் கொண்டுவந்து அடியில் வைத்தார். அதுவரை நடந்துகொண்டிருந்தது, அதற்குப் பிறகு ஓடியது. ஓடிப்போய்ப் பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்குள் குப்புற விழுந்தது.

மாமனார் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவருடைய எடை நாற்பத்திரண்டரை.

"எங்கம்மா சரியாத்தான் சொன்னாங்க" என்றார் டீச்சர்.

"என்ன சொன்னாங்க?"

"நீங்க ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கறதுக்குள்ள அதைச் செஞ்ச கம்பெனியையே மூடிடுவாங்கன்னு."

இன்ஸ்பெக்டர் மறுபடியும் கடைக்கு ஓடினார். அப்போதுதான் மூன்றாவதைப் பார்த்தார்.

கடையின் முகப்புக் கண்ணாடிக்குள், சுழல்மேடைமேல், வெள்ளை வெளேரென்று அது தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நெற்றியில் நீலவெளிச்சத்தில் எண்கள். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. சத்தம் மட்டும் துளிக்கூட இல்லை. அது தன்னைத்தான் பார்க்கிறது என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது. எத்தனையோ லிஃப்டைப் பார்த்தவருக்கு அப்படி ஒரு நினைப்பு அதுவரை வந்ததில்லை.

"இதே மாடல்தான் வேணும். நாளைக்கே வேணும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் வண்டிக்காரர் அதைப் பஞ்சுத்தாளில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார்.

"அட்டைப்பெட்டி எங்கே?" என்றார் டீச்சர்.

"எனக்கென்னம்மா தெரியும்? குடுத்தாங்க, கொண்டாந்தேன்."

இன்ஸ்பெக்டர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு முத்திரைக் காகிதம் இருந்தது. 'இதைக் கிழித்தால் உத்தரவாதம் இல்லை.' மேல்மூலை, கீழ்மூலை எல்லாம் ஒழுங்காக, ஒரு குமிழி இல்லாமல் ஒட்டியிருந்தது.

"பாரு, ஒட்டினவன் மனுஷன்" என்று மனைவியிடம் காட்டினார். காகிதத்தில் எழுதினார்: எடை பதினொரு கிலோ, கனம் அடியில் நன்றாக இறங்கியிருக்கிறது.

பால், பாலாடை, சர்க்கரை. ஊற்றி மூடினார்கள். பிளக்கைச் செருகியதும் எண் தானாகவே நாற்பதிலிருந்து இறங்க ஆரம்பித்தது. இருவரும் நின்று பார்த்தார்கள். சத்தமே இல்லை. பூஜ்யம் வந்ததும் மூடியைத் திறந்தால், பால் பாலாகவே இருந்தது. எண் மறுபடி நாற்பதுக்குப் போயிற்று. மறுபடி நின்று பார்த்தார்கள். மறுபடி பால்.

மூன்றாவது தடவை டீச்சருக்குக் கால் வலித்தது.

"இப்படிக் குறுகுறுன்னு பார்த்துக்கிட்டே இருந்தா அது எப்படிங்க வேலை செய்யும்? அம்மா பண்ற மாதிரி கதவைச் சாத்திட்டு வெளிய வாங்க."

சும்மா சொன்னதுதான். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய ஒரு சத்தம் எழுந்தது. நீளமாக, அடங்கிய குரலில் ஒரு முனகல்.

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "கம்ப்ரசர்!" என்றார்.

டீச்சர் கதவில் காதை வைத்தார். "இது வந்து..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு, கையை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கதவு ஜில்லென்று இருந்ததாம்.

நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தால் ஐஸ்கிரீம். கத்தி வைத்து வெட்டலாம் போல் உறைந்திருந்தது. மாமனார் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. டீச்சர் பயந்துபோய் அவர் தோளைத் தொட்டார்.

"இன்னும் இருக்கா?" என்றார் மாமனார்.

ஏழு மாதத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் ஒருவர் 'இன்னும் இருக்கா' என்று கேட்கிறார். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று கிண்ணம் போட்டுக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் காகிதத்தில் எழுதினார். சத்தம்: மெல்லிய முனகல். நடுநடுவே நின்று மூச்சு வாங்குகிறது. குறையில்லை.

மறுநாள் சாயந்திரம் வந்த ஐஸ்கிரீமில் எலுமிச்சைத் தோல் வாசனை அடித்தது. கூடவே, சர்க்கரையைக் கருக விட்டால் வருகிற அந்த லேசான கசப்பு.

"நல்லா இருக்கே. எப்போ போட்டே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் எங்கே போட்டேன்? நீங்கதானே ஊத்தினீங்க?"

"நான் பாலும் சர்க்கரையும்தான் ஊத்தினேன்."

இருவரும் ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். மாமியார் செய்யும்போது எலுமிச்சைத் தோலும் கருக்கிய சர்க்கரையும் போடுவார் என்பதை இருவரும் நினைத்தார்கள், இருவரும் சொல்லவில்லை. மாமனார் நாலாவது கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், தொட்டியில் போட்டுவிட்டு வந்த ஸ்பூன்கள் கழுவித் துடைத்து வரிசையாக ஆணியில் தொங்கின. பெரியது முதலில், சிறியது கடைசியில். மாமியார் இருந்தவரை அப்படித்தான் தொங்கும்.

நாலாம் நாள் இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை. முனகல் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடிமேல் அடிவைத்துப் போய்ச் சமையலறைக் கதவைப் படாரென்று திறந்தார். சத்தம் சட்டென்று நின்றது. இரண்டு பேர் நம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் நாம் நுழைந்தால் நிற்குமே, அப்படி. உள்ளே யாருமில்லை. மூடியைத் திறந்தால் பால். கதவைச் சாத்திவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டது போல ஒரு சத்தம். அப்புறம் முனகல்.

அவருக்கு முதுகில் வியர்த்தது. ஆனால் முப்பது வருட அனுபவம் சும்மா போகுமா? சிறிது யோசித்தார். பிறகு டீச்சரைக் கூப்பிட்டு வெற்றியோடு சொன்னார்.

"லிஃப்டுலயும் இதேதான்! கதவு திறந்தா மோட்டார் நிக்கணும். பாதுகாப்பு ஏற்பாடு. சரியா செஞ்சிருக்கான்."

"லிஃப்டு அதோட கதவைத் திறந்தா நிக்கும். இது நம்ம வீட்டுக் கதவைத் திறந்தா ஏன் நிக்குது?"

கணக்கு டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டால் இப்படித்தான். இன்ஸ்பெக்டர், "அது புது டெக்னிக்" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தில் 'மிக நன்று' என்று எழுதினார்.

ஐந்தாம் நாள், சமையலறை மேஜைமேல் பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தபடி. ஐந்து சாமான்களும் வெளியே எடுத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பளபளவென்று துடைத்து.

அவர் யாரிடமும் சொல்லாமல் அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, ஒரு முழுச் சொம்புத் தண்ணீர் குடித்தார். மனைவிதான் வேண்டுமென்றே செய்கிறாளோ என்று ஒரு பக்கம் சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ளாமல் விட்டால் அவர் இன்ஸ்பெக்டரே இல்லை.

ஆறாம் நாள் ஆபீஸிலிருந்து முத்திரைக் காகிதம் கொண்டுவந்தார். பாலை ஊற்றி, சமையலறைக் கதவைச் சாத்தி, கதவுக்கும் நிலைக்கும் சேர்த்துக் குறுக்கே ஒட்டி, கையெழுத்துப் போட்டு, தேதி, மணி எல்லாம் எழுதினார். டீச்சரைக் கூடத்து நாற்காலியில் தன் கண்ணெதிரே உட்கார வைத்தார். மாமனார் வழக்கம்போல் தன் அறையில் தூங்கப் போயிருந்தார்.

"என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"எல்லாரையும் ஒரே மாதிரி சோதிக்கறதுதான் முறை."

"உங்களையும் ஒரு மூலையில ஒட்டி வச்சா நிம்மதியா இருக்கும்" என்று டீச்சர் விடைத்தாள் திருத்த ஆரம்பித்தார்.

முனகல் எழுந்தது, நாற்பது நிமிடம் ஓடியது, நின்றது. முத்திரை அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுக் கிழித்தார். உள்ளே ஐஸ்கிரீம் தயார். எலுமிச்சை வாசனை தூக்கியது. ஸ்பூன்கள் ஆணியில். சுவரில் இருந்த பழுப்புக் காகிதத்தை மட்டும் காணவில்லை.

டீச்சர்தான் கண்டுபிடித்தார். பதினான்கு கட்டங்களும் நாலாக, எட்டாக, பதினாறாக மடிக்கப்பட்டு, பல வருடமாக ஆடிக்கொண்டிருந்த மேஜையின் ஒரு காலுக்கு அடியில் இருந்தன. டீச்சர் மேஜையை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"இது எங்கம்மா வேலைதாங்க" என்றார் மெதுவாக.

இன்ஸ்பெக்டர் பிளக்கைப் பிடுங்கினார். "நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடறேன்."

"அப்பா சாப்பிடறாருங்க!"

"எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாத ஒண்ணுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"யாரு உங்க கையெழுத்தைக் கேட்டா? எங்கம்மாவே வந்து செஞ்சாலும் எனக்குக் கவலை இல்லை. அப்பா மூக்குல குழாய் போகக்கூடாது."

ஏழாம் நாள் ஐஸ்கிரீம் இல்லை. மாமனார் சாயந்திரம் நாலு மணிக்குக் கிண்ணத்தோடு மேஜையில் வந்து உட்கார்ந்தார். ஐந்துக்கும் உட்கார்ந்திருந்தார். ஆறுக்கு எழுந்து, வெறும் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் நிறுத்துப் பார்த்தால், ஏறிய எடையில் அரைக் கிலோ இறங்கியிருந்தது.

டீச்சர் திட்டவில்லை. அம்மாவைப் போலவே திட்டாமல் பார்த்தார்.

எட்டாம் நாள் இன்ஸ்பெக்டர் தானே பாலை ஊற்றினார், பிளக்கைச் செருகினார், கதவைச் சாத்தினார். அரைமணி நேரம் ஆகியும் உள்ளே சத்தமில்லை. இப்படியும் அப்படியும் நடந்தார். கூடத்தில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சாத்திய கதவுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார்.

"அத்தை... வாளியைப் பிரிச்சது தப்புதான். மன்னிச்சிடுங்க. அவர் மூக்குக்காகவாவது..."

முனகல் தொடங்கியது.

"யார்கிட்டே பேசறீங்க?" என்றது பின்னாலிருந்து டீச்சரின் குரல்.

"கம்ப்ரசர்கிட்டே" என்றார் இன்ஸ்பெக்டர்.

பத்தாம் நாள் காலை டாக்டரிடம் போனார்கள். எடை மேடையில் மாமனார் ஏறினார். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். முள் ஆடி ஆடி, நாற்பத்தைந்தைத் தாண்டி, நாற்பத்தாறுக்கு ஒரு நூலிழை முன்னால் நின்றது.

"அட! என்ன கொடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"ஐஸ்கிரீம்" என்றார் மாமனார், மூக்கிலிருந்து கையை எடுத்து.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இன்ஸ்பெக்டர் பாலை ஊற்றிக் கதவைச் சாத்தினார். முனகல் உடனே எழுந்தது, அன்றைக்கு அதற்கும் சந்தோஷம் போல. மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமனார் கைகளைத் தேய்த்துக்கொண்டார். குழாய்ப் பயம் போனதும் அவருக்கு வாய் திறந்துகொண்டது.

"மாப்பிள்ளை, ஒரு விஷயம் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க மாமா."

"எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டது நான்தான். சர்க்கரையைக் கருக்கி ஊத்தினதும் நான்தான்."

டீச்சர் எழுந்தே விட்டார். "அப்பா! எப்படி? கதவுதான் சாத்தியிருந்ததே!"

"முன்கதவுதானேம்மா சாத்தியிருந்தது? என் ரூம்லேருந்து துணி துவைக்கிற இடம். அங்கேருந்து சமையலறைப் பின்கதவு. தினமும் அந்த வழியாத்தான் போனேன். ஸ்பூனைக் கழுவி மாட்டினதும் நான்தான். அந்த மேஜை ஆட்டத்தை உங்கம்மா இருந்தா பொறுத்துக்குவாளா? அந்தக் காகிதம்தான் தடிமனா இருந்தது."

முப்பது வருடமாகக் கட்டடம் கட்டடமாக முத்திரை ஒட்டிய மனிதர், தன் வீட்டுச் சமையலறைக்கு இரண்டு கதவு இருப்பதை மறந்துவிட்டார். அவர் வெட்கப்பட்டதைவிட அவருக்கு வந்த நிம்மதிதான் பெரிதாக இருந்தது. சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது.

"ஏன் மாமா சொல்லலை?"

"சொன்னா, எலுமிச்சையில எது நல்லதுன்னு நீங்க இன்னொரு காகிதம் ஒட்டிடுவீங்க. அதுக்குள்ள எனக்குக் குழாய் வந்துடும்."

டீச்சரும் சிரித்தார். "இவர் எங்கம்மாகிட்டே மன்னிப்பெல்லாம் கேட்டார்ப்பா. கதவுக்கு முன்னாடி நின்னு!"

"நான் கம்ப்ரசர்கிட்டே..."

"நீங்க உள்ள வந்தா அந்தச் சத்தம் நின்னுடுதுன்னு சொல்றீங்களே, எனக்கு நிக்காது மாப்பிள்ளை" என்றார் மாமனார். "நான் பாட்டுக்கு ஓரமா உட்கார்ந்து தோல் சீவுவேன். அது பாட்டுக்கு அது. துணைக்கு நல்லா இருக்கும்."

"பின்கதவுக்கு அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு கிடையாது போல மாமா" என்றார் இன்ஸ்பெக்டர். எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மேஜைக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்து, மூன்றாவது இயந்திரத்துக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

"ஆனா மாமா, பரண்மேல ஏறி அந்த பிஸ்கட் டப்பாவை வேற எடுத்தீங்களே, விழுந்து வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"எந்த டப்பா?" என்றார் மாமனார்.

வாசல் மணி அடித்தது.

டீச்சர் போய்த் திறந்தார். கடையின் மெக்கானிக். நரைத்த மீசை, தோளில் ஒரு பை. கால்மாட்டில், சீல் உடைக்காத பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே வந்ததும் கைகூப்பாத குறையாகத் தலையைச் சொறிந்தார்.

"சார், தப்பு எங்க மேலதான். திட்டறதா இருந்தா திட்டிடுங்க. இன்னிக்குக் காலையிலதான் கண்டுபிடிச்சோம்."

"எதை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மெக்கானிக் சமையலறைப் பக்கம் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். முகத்தில் ஒரு மரியாதை வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பத்து நாளைக்கு முன்னால உங்களுக்கு வந்தது, கண்ணாடிக்குள்ள அழகுக்கு வைக்கிற வெறும் கூடு சார், அதுல நம்பர் மட்டும்தான் எரியும், மோட்டார் கிடையாது, கம்ப்ரசர் கிடையாது, கனத்துக்கு உள்ள ரெண்டு செங்கல்தான்... நல்ல மெஷினைக் கொண்டாந்திருக்கேன், உள்ள பாடிக்கிட்டிருக்கிற பெரியம்மாவைக் கொஞ்சம் கதவைத் திறக்கச் சொல்றீங்களா?"